சாமிக் கிடாவுக்குப் போடாத உப்பு

சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸ் கறிக்கடையில் வரிசையில் நின்றிருந்தேன். என் முறை வந்ததும் கடைக்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, குண்டிக்காய் ரெண்டு இருக்கு. இப்பத்தான் வெட்டுனது. போட்டுத் தரவா?" என்று கேட்டு, ஆட்டின் சிறுநீரகங்களைத் தட்டோடு தூக்கிக் காட்டினார். கருஞ்சிவப்பாக, வழவழப்பாக, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் இருந்தன இரண்டும். நல்ல தண்ணீர் குடித்து வளர்ந்த ஆடு. எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் "எனக்குப் போடுங்க" என்று முந்திக்கொண்டாள். நான் கறியும் வாங்காமல் வெறும் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வருகிற ஆடியோடு நீ போய் இரண்டு வருடம். இத்தனை வருடப் பழக்கத்தில் உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. நீதான் ஒரே ஒரு முறை என்னிடம் ஒரு கடிதம் கேட்டாய். கையெழுத்துப் போட்டு, நாலு வரி. அதை நான் தரவில்லை. அப்படிப்பட்டவள் இப்போது பக்கம் பக்கமாக உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

கேரி தீவுத் தோட்டத்துப் பள்ளியில் நாம் இருவரும் ஒரே பெஞ்சு. கணக்கு உனக்கு வராது, அறிவியல் அதைவிட வராது. என் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவாய். ஒரு முறை நான் எழுதிய விடையே தப்பு. நீயும் அதையே எழுதி, இருவரும் ரூல்தடியால் வாங்கினோம். வாங்கிய பிறகும் நீ வாத்தியாரிடம் சொன்னாய்: "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும் சார். கேள்விதான் தப்பு." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். உன் கை சிவந்திருந்தது. உன் முகத்தில் மட்டும் சந்தேகம் என்பதே இல்லை. அந்த நம்பிக்கையை நீ கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. கொஞ்சம் மாற்றிக்கொண்டிருக்கலாம் நீ.

பிறகு நான் படித்து ஸ்ரீ கெம்பாங்கானில் கால்நடைத் தீவனம் செய்யும் ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். நீ கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வெளியே ஒரு கம்பத்துக் கிராமத்துக்குப் போனாய். வீட்டுக்காரர் சீக்கிரமே போய்விட்டார். ஒரு மகன், முப்பது ஆடுகள், வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு, அதை ஒட்டி ஒரு பாரிட் கால்வாய். ஆடுகள் அந்தக் கால்வாயில் குடிக்கும், நீ கிணற்றில் இறைப்பாய். குழாய் இருந்தது. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்த் தண்ணீர் எந்த நாள் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அது வந்த நாளிலும், "பைப்புத் தண்ணியில டீ போட்டா மருந்து வாடைலா" என்று நீ கிணற்றுக்குத்தான் போவாய்.

உன் ஆடுகளுக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது. கேரி தீவிலிருந்து காப்பார் வரைக்கும், முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்ட குடும்பங்கள் குட்டியை உன்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு வருடம் வளர்த்து, பூசை நாளில் குறையில்லாத கிடாவாக நீ ஒப்படைக்க வேண்டும். காதில் துளை இருக்கக் கூடாது, ஊசி குத்தக் கூடாது, மருந்து போகக் கூடாது. நேர்ந்துவிட்ட கிடாக்களுக்குத் தனிக் கொட்டகை கட்டி, குளிக்காமல் அந்தப் பக்கம் போக மாட்டாய்.

கால்வாயின் மேல்பக்கத்தில் அந்தத் தகரக் கொட்டகை வந்த பிறகுதான் எல்லாம். எங்கிருந்தோ கொண்டெய்னரில் வந்த பழைய டிவி, பழைய போன், செத்த பேட்டரிகளை லோரி லோரியாக இறக்கிப் பிரித்தார்கள். எரித்ததை எரித்தார்கள், கழுவியதைக் கால்வாயில் விட்டார்கள். ஆறு மாதத்தில் உன் ஆடுகள் இளைத்தன. நீ போன் செய்தாய். "ஏய் மேடம், ஆடெல்லாம் தண்ணி தண்ணியா குடிக்குது, உடம்பே தேற மாட்டேங்குது. வந்து பாரேன்."

வந்தேன். கால்வாய்த் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போனேன். கேட்மியம் இருந்தது. இருக்க வேண்டியதைவிட மிக அதிகம். பேட்டரியிலிருந்து வரும் நஞ்சு அது. உடம்புக்குள் போனால் எளிதில் வெளியே வராது. நேராகப் போய்ச் சிறுநீரகத்தில் உட்கார்ந்துகொண்டு, வருடக்கணக்கில் அதை அரிக்கும்.

என் மேனேஜரிடம் காட்டினேன். மனிதர் பதறுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. எங்கள் கம்பெனி அப்போதுதான் செலினியம் கலந்த உப்புக் கட்டி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டில் இருந்தது. ஆடு மாடு நக்குகிற செங்கல் மாதிரியான சிவப்புக் கட்டி. "கட்டியச் சோதிச்சுப் பாக்க நல்ல இடமாச்சே! இதுக்குன்னு நாம விஷம் குடுக்க வேண்டியதே இல்லையே" என்றார். நான் அப்போதே எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். நான் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டேன்.

உன் வீட்டு வாசலில் கட்டிகளை இறக்கிய நாள் நினைவிருக்கிறது. நீ ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இவ்ளோ கனமா? இது என்ன செய்யும்?" என்றாய். நான் பெரிய மனுஷி மாதிரி விளக்கினேன். செலினியம் ஒரு சத்து. மண்ணில் இருக்கும், புல்லில் ஏறும், உன் புல்லில் குறைவு. இம்மியளவு இருந்தால் போதும், உடம்பு அதை வைத்துத் தனக்கொரு காவலை உண்டாக்கிக்கொள்ளும். கேட்மியம் சிறுநீரகத்தைச் சுடும்போது அந்தச் சூட்டைத் தணிக்கும். கொஞ்சத்தைப் பிடித்துக் கட்டியும் போடும். அளவு மிஞ்சினால் அதுவே விஷம், அதனால்தான் அளந்து உப்போடு கலக்கிறோம்.

நீ கவனமாகக் கேட்டாய். பிறகு கேட்டாயே ஒரு கேள்வி. "சரி, வாட்ச்மேன் வந்தாச்சு. ஆனா திருடன் டெய்லி வந்துக்கிட்டே இருந்தா, வாட்ச்மேன் எத்தனை நாளைக்கு முழிச்சிருப்பான்?"

அறிவியல் வராத உனக்கு வந்த கேள்வி எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்கும் வரவில்லை. நான் சிரித்து மழுப்பினேன். நீயும் சிரித்து, "ஏண்டி, மனுஷங்க நக்கினா என்ன ஆகும்?" என்றாய். நான், "உனக்கும் கிட்னி இருக்கில்ல? நல்லதுதான். நக்கு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தோம். வாழ்க்கையில் நான் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். எதையும் யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

கிணற்றைப் பற்றி அன்றைக்கே நீ கேட்டாய். "அதை இன்னும் செக் பண்ணல" என்றேன். உண்மைதான். செக் பண்ணவே இல்லை. ஆடுகளைப் பற்றிய ஆய்வில் மனிதர் குடிக்கும் தண்ணீருக்கு இடமில்லை என்றார் மேனேஜர். நானும் ஆமாம் என்றேன். ஆனால் அடுத்த முறை வந்தபோது கைப்பையில் கடையில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல் இருந்தது. நீ டீ கொண்டுவந்து வைத்தாய். நான் தொடவில்லை.

"என்னடி, என் டீ வேணாமா?"

"டயட்டுல இருக்கேன். சீனி ஆகாது."

"சீனி இல்லாம போட்டுத் தரேன்லா."

"வேணாம்டி. வயிறு சரியில்ல."

இரண்டு காரணம் சொன்னேன் பார், அப்போதே உனக்குப் புரிந்திருக்க வேண்டும். நீ டீயை எடுத்துக்கொண்டுபோய் நீயே குடித்தாய், வீணாகக் கூடாது என்று. நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. ஒரு வார்த்தை, "குடிக்காதே" என்று ஒரே ஒரு வார்த்தை, நான் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்பாய். ஏன் என்றால் கிணற்றைச் சோதிக்க வேண்டும். சோதித்தால் ஆய்வு நிற்கும், கட்டி விற்பனை தள்ளிப்போகும், மேனேஜர் முகம் சுருங்கும். இவ்வளவுதான் விஷயம். பெரிய தர்மசங்கடம் ஒன்றுமில்லை.

கட்டி வேலை செய்தது. அதில் பொய்யில்லை. ஒரே வருடத்தில் உன் ஆடுகள் தேறின. நீ போனில், "மேடம், ஒங்க செங்கல் சூப்பர்" என்றாய். ஆனால் சாமிக் கிடாக்களின் கொட்டகையில் மட்டும் நீ கட்டியை வைக்கவில்லை. "மருந்து தின்ன கிடா சாமிக்கு ஆகாது" என்றாய். நான் வற்புறுத்தவில்லை. மூன்றே மூன்று கிடா, போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவையும் அதே கால்வாய்த் தண்ணீரைத்தான் குடித்தன.

ஆடிப் பூசை அன்று காலை நீ கோயிலிலிருந்து அழைத்தாய். குரல் சரியில்லை. நான் வந்து சேர்ந்தபோது அரச மரத்தடியில் வாழை இலையில் இரண்டு குவியல். ஒரு பக்கம் உன் கொட்டகையில் கட்டி நக்கி வளர்ந்து, விருந்துக்காக அன்று வெட்டிய சாதாரண ஆடுகளின் குண்டிக்காய், நல்ல நிறத்தில். இன்னொரு பக்கம் சாமிக் கிடாக்களுடையது. வெளிறி, சுருங்கி, தொட்டால் சொரசொரவென்று. கிடா வெட்டுகிறவர், "முப்பது வருஷமா வெட்டுறேன், இப்படிப் பாத்ததில்ல" என்றார். வேண்டிக்கொண்ட குடும்பங்கள் உன்னைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒரு பெண்மணி சொன்னாள்: "நம்பித்தானேக்கா விட்டோம்? நோய்க் கிடாவ சாமிக்குக் குடுக்க வச்சிட்டீங்களே." பூசாரி சமாதானப்படுத்தினார். "விடுங்கலா, சாமி உள்ள எல்லாம் பாக்காது." நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சந்தோஷம் வந்தது. ஒரே கால்வாய், ஒரே தண்ணீர், ஒரே புல். செலினியம் கிடைத்த ஆடு, கிடைக்காத ஆடு. ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் ஏற்பாடு செய்ய மறந்ததை முனீஸ்வரனே செய்து கொடுத்துவிட்டார். காரிலிருந்து ஐஸ் பெட்டியை எடுத்துவந்து ஒவ்வொன்றாகப் பையில் போட்டுப் பெயர் எழுதினேன். நீ அழுதுகொண்டிருந்தாய்.

பெட்டியை மூடியதும் நீ என் கையைப் பிடித்தாய். "எனக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுடி. தண்ணி கெட்டுப்போச்சு, அதனாலதான் இப்படின்னு. நாலு வரி போதும். அந்த வீடுங்களுக்குக் காட்டணும். மாவட்ட ஆபீஸுக்கும் கொண்டுபோறேன். நான் சொன்னா எவன் கேப்பான்? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"ரிப்போர்ட் வரட்டும்டி. அதுக்கு முன்னாடி வெளிய குடுக்கக் கூடாது. கம்பெனி ரூல்."

"எப்ப வரும்?"

"சீக்கிரம்."

நீ கையை விட்டாய். கோபப்படவில்லை. கோபப்பட்டுத் திட்டியிருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அடுத்த வருடம் உன்னிடம் ஒரு குடும்பமும் நேர்ந்த குட்டியை விடவில்லை. தனிக் கொட்டகையைப் பிரித்து விறகாக்கினாய்.

ரிப்போர்ட் வந்தது. அழகான படங்களோடு. தீவனத்தில் சேர்க்கும் செலினியம், சுற்றுச்சூழல் நஞ்சிலிருந்து ஆட்டின் சிறுநீரகத்தைக் காக்கிறது என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. நஞ்சு எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கத்திலும் இல்லை. என் பெயர் இரண்டாவதாக இருந்தது. கட்டி நன்றாக விற்றது. அதைவிடப் பெரிய கூத்து, அந்தத் தகரக் கொட்டகைக்காரனும் அதைப் படித்துவிட்டான். கால்வாய் ஓரத்தில் ஆடு வளர்க்கிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, ஆளுக்கு நாலு கட்டி இலவசமாகக் கொடுத்து, தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டான். பிறகு எவனாவது தண்ணீரைப் பற்றி வாயைத் திறந்தால், "அதான் கட்டி குடுத்தாச்சே பாஸ்" என்பானாம். நீயே இதைச் சொல்லிச் சிரித்தாய். திருடனே வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுக்கிறான் என்றாய்.

மறு வருடம் உனக்குக் கால் வீங்கியது. கிள்ளான் மருத்துவமனையில் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். உனக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, இருந்தது, அதனால்தான் என்று எழுதிக்கொண்டார்கள். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ரத்தத்தில் கேட்மியம் பாருங்கள் என்று அந்த டாக்டரிடம் சொல்லக்கூடிய ஒரே ஆள் உன் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றாள், கையில் ஆரஞ்சுப் பழத்தோடு. சிறுநீரகம் போனவர்களுக்கு ஆரஞ்சு ஆகாது என்று நர்ஸ் மிஸ்ஸி அதையும் வாங்கி வைத்துவிட்டாள். அன்றைக்குத்தான் உன் மகனிடம் கிணற்றை மூடச் சொன்னேன். காரணம் கேட்டான். "பழைய கிணறு, பூச்சி இருக்கும்" என்றேன். அப்போதும் பொய்தான்.

வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. முடிந்தபோதெல்லாம் நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் உன்னைத் தராசில் நிறுத்திவிட்டு மிஸ்ஸி கத்துவாள். "ஆன்டி, திரும்பவும் தண்ணி ஏறிருக்கு! உப்பு சாப்பிடுறீங்களா?"

"இல்லலா மிஸ்ஸி. குழம்புல உப்பே போடுறதில்ல. சத்தியமா."

"அப்புறம் எப்படி இவ்ளோ வீங்குது?"

நானும் சேர்ந்துகொண்டேன். "கருவாடு திங்கிறியா? உண்மையச் சொல்லு." நீ பாவமாக விழித்து, "நீயுமாடி? ஒப்புக்குக்கூட உப்ப தொடறதில்ல" என்றாய். நான் நம்பவில்லை. சின்ன வயதில் மாங்காய்க்கு உப்புத் தொட்டே ஒரு மரத்தைக் காலி செய்தவள் நீ. வாய்க்கட்டு இல்லாதவள், அழுத்தக்காரி என்று காரில் திரும்பும்போதெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். கடைசி முறை உன் முகத்துக்கு நேராகவே சொன்னேன்: "உனக்கு வாழணும்னு ஆசையே இல்ல." நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்குப் பத்து நாள் கழித்து, நெஞ்சில் நீர் கோத்து, போய்விட்டாய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் கிளம்பும்போது உன் மகன் அடுப்படிக்குள் போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தான். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்ததாம். திறந்தேன். எங்கள் கம்பெனியின் சிவப்புக் கட்டி, பாதிதான் மிச்சம். ஆடு நக்கின கட்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நடுவில் குழிந்து, நாக்குத் தடத்தோடு பளபளவென்று இருக்கும். இதில் குழி இல்லை. ஒரு முனையிலிருந்து ஒழுங்காக, வரி வரியாகக் கத்தித் தடம்.

"ஆன்டி, இத யாருக்காவது குடுக்கலாமான்னு கேக்கத்தான். அம்மா ரொம்ப நாளா டெய்லி டீயில கொஞ்சம் சொரண்டிப் போட்டுக்குவாங்க. கிட்னிக்கு மருந்துன்னு. நீங்கதான் சொன்னீங்களாமே."

அவன் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. உன் பிள்ளை, உன்னைப் போலவே. நான் டின்னை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். நீ பொய் சொல்லவில்லை. உப்பை நீ தொடவேயில்லை. மருந்தைத்தான் சாப்பிட்டிருக்கிறாய். அதில் இம்மியளவு செலினியம், மற்றதெல்லாம் உப்பு. உன் ரத்தத்துக்கு ஒரு சிட்டிகைகூட ஆகாத உப்பு.

அந்தக் கட்டி இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மழை நாளில் தானாகவே கசிந்து, டின்னின் அடியில் சிவப்பாகத் தண்ணீர் தேங்கும். துடைத்துத் துடைத்து வைக்கிறேன். எங்கே போட முடியும் அதை? வேலையை விட்டுவிட்டேன். அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, எப்படியும் ஓய்வு பெறும் வயதுதான். அந்தத் தகரக் கொட்டகை இன்னும் நடக்கிறது. கால்வாய் ஓரத்தில் இன்னும் ஆடு மேய்கிறது, கிணறுகளில் இன்னும் இறைக்கிறார்கள்.

சனிக்கிழமை வெறும் பையோடு வந்து உட்கார்ந்தபோது, நீ கேட்ட கடிதத்தை எழுதினேன். மாவட்ட அலுவலகத்துக்கு. இந்தக் கால்வாய்த் தண்ணீரில் நஞ்சு இருக்கிறது. மேல்பக்கத்துப் பேட்டரிக் கொட்டகையிலிருந்து வருகிறது. பக்கத்துக் கிணறுகளையும் சோதியுங்கள். அதுவரை ஆடும் குடிக்கக் கூடாது, மனிதரும் குடிக்கக் கூடாது. கீழே என் பெயர், கையெழுத்து. திங்கட்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

நீ சொன்ன மாதிரி நாலு வரிதான் வந்தது. எழுதி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.